ஓடாத வண்டியின் விலை

அரபு மதரஸாக்களில் கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடம் தொடங்கும்போது, இரண்டு சொற்களின் வேறுபாட்டை மாணவனுக்கு உணர்த்துவது வழக்கம். ஒன்று 'தமன்', மற்றொன்று 'கீமத்'. விற்பவனும் வாங்குபவனும் மனமொத்துப் பேசி முடிக்கும் தொகை தமன். பொருளின் தராதரம் அறிந்தோர் சந்தை நிலவரத்தை வைத்து, இஃது இவ்வளவு பெறும் என்று கணிப்பது கீமத். தமிழில் முன்னதை விலை என்றும் பின்னதை மதிப்பு என்றும் சொல்லலாம். இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகுமாயின் வழக்கும் இல்லை, வருத்தமும் இல்லை. விலை மிகுந்து மதிப்புக் குறைந்த பொருளை அறியாமல் வாங்கியவனை ஏமாந்தவன் என்கிறோம். அறிந்தே வாங்கியவனை என்னென்பது? அவன் அந்த மிகுதித் தொகையை எதற்காகக் கொடுத்தான் என்று கேட்டறிந்த பிறகே தீர்ப்புக் கூற இயலும்.

இந்தக் கேள்வியை நம் காலத்தில் மிகக் கூர்மையாக எழுப்பும் பொருள்களில் பழைய ஸ்போர்ட்ஸ் காரும் ஒன்று. அரிசியை உண்பதற்காக வாங்குகிறோம். ஆடையை உடுப்பதற்காக வாங்குகிறோம். வண்டியை ஓட்டுவதற்காகவே வாங்குகிறோம். அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படுவது, ஓட்டுவதன் இன்பத்துக்காகவே பிறந்தது. நால்வர் அமரவும் மூட்டை ஏற்றவும் அதில் வசதி கிடையாது. அத்தகைய வண்டி, முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடாமலே கிடந்தது என்ற ஒரே காரணத்துக்காக, ஓடியதைவிடப் பன்மடங்கு விலை பெறுகிறது. செய்யப்பட்ட காரியத்தைச் செய்யாமல் இருந்ததற்கு இந்த உயர்ந்த கூலி!

உலகறிந்த சான்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மக்லாரன் நிறுவனம் 1992ஆம் ஆண்டு 'எஃப் 1' என்னும் காரை உலகுக்குக் காட்டிற்று. கார்டன் மரே என்ற தென்னாப்பிரிக்கப் பொறியாளரின் சிந்தனையில் உருவானது அது. ஓட்டுபவர் நட்டநடுவே அமர்வார். இருவர் அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்தள்ளி அமர்வர். எஞ்சின் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தந்த பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். அதன் வெப்பத்தைத் தடுக்க, எஞ்சின் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடு பொதித்திருந்தார்கள். 1998ஆம் ஆண்டு மணிக்கு 386 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டது. மொத்தம் 106 வண்டிகளே செய்யப்பட்டன. அவற்றுள் சாலையில் ஓட்டுவதற்கென்று செய்த வழக்கமான வகை 64 மட்டுமே. புதிதாக விற்ற காலத்தில் விலை ஏறத்தாழ 5 லட்சத்து 40 ஆயிரம் பவுன்.

அவற்றுள் 1995ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு வண்டி, 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெபிள் பீச்சில் ஏலத்துக்கு வந்தது. அதுவரை அது ஓடியிருந்த தொலைவு 242 மைல். கிலோ மீட்டரில் சுமார் 390. சென்னையிலிருந்து புறப்பட்டால் மதுரையை எட்டுவதற்குக்கூடப் போதாத தொலைவு அது. இருபத்தாறு ஆண்டுகளில் இவ்வளவே! அந்த வண்டி 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று.

இதற்கு நேரெதிரான வண்டியும் ஒன்று உண்டு. 'மிஸ்டர் பீன்' என்று நம் வீட்டுக் குழந்தைகள் அறிந்து சிரிக்கும் ரோவன் அட்கின்சன், இதே வகைக் காரை 1997ஆம் ஆண்டு வாங்கினார். வாங்கியவர் கூடத்தில் நிறுத்தி வைக்கவில்லை. கடைக்கும் ஊருக்கும் அதிலேயே போய்வந்தார். 41,000 மைல் ஓட்டினார். இருமுறை விபத்தில் சிக்கிற்று. 2011ஆம் ஆண்டு நேர்ந்த இரண்டாம் விபத்துக்குப் பின் பழுது பார்த்த செலவு மட்டும் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுன் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. இத்தனைக்கும் பிறகு, 2015ஆம் ஆண்டு அது 80 லட்சம் பவுனுக்கு விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஆண்டுகள் வேறு, சந்தையும் வேறு. ஆதலால் இரண்டு தொகைகளையும் அப்படியே தராசில் வைத்தல் முறையாகாது. ஆயினும் ஓர் உண்மை விளங்குகிறது. ஓட்டி, இடித்து, செப்பனிட்ட வண்டியும் முதல் விலையைப்போல் பத்து மடங்குக்கு மேல் பெற்றிருக்கிறது. அந்தப் பெரும் பகுதி, வண்டியின் அருமைக்கும் ஆற்றலுக்கும் உரியது. அதற்கும் மேலாக 242 மைல் வண்டிக்குக் கொடுத்த மிகுதியே ஓடாமைக்கு உரிய விலை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனே இந்தச் சந்தையில் கால் வைக்கத் தக்கவன்.

கோடிகளில் புரளும் செல்வர்களின் கதை நமக்கெதற்கு என்று வாசக நேயர்கள் எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருப்போம். சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டில் தங்குவதற்காக ஷார்ஜா சென்றிருந்தபோது நம் பழைய மாணவர் ஒருவர் தேடி வந்திராவிடில். சிறு பிராயத்தில் நம்மிடம் ஓதியவர் அவர். பத்தொன்பது வயதில் கடல் கடந்து, இருபத்தாறு ஆண்டுகளாக அங்குள்ள தொழிற்பேட்டையில் கார் மெக்கானிக்காக உழைத்து வருபவர். ஊரில் வீடு கட்டவும், மூத்த பெண்ணின் திருமணத்துக்கும், திரும்பி வந்தபின் ஒரு சிறு பட்டறை வைக்கவும் சேர்த்து வைத்திருந்த பணம் அவர் கையில் இருந்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதியைக் கொண்டு ஒரு காரை வாங்கி, நாலைந்து ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, விலையேறிய பின் விற்றுவிட்டு ஊர் திரும்பலாம் என்பது அவர் எண்ணம். அவர் மனைவிக்கு அதில் சம்மதமில்லை. "ஹஜ்ரத் பார்த்துச் சொன்னால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாராம் அந்த அம்மையார்.

"தம்பி, காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?" என்றோம்.

"காரைப் பற்றி எனக்குத் தெரியும் ஹஜ்ரத். வாங்குவது சரியா என்பதைத்தான் தாங்கள் சொல்ல வேண்டும்" என்றார்.

மறுநாள் அவருடன் சென்று அந்த வண்டியைக் கண்டோம். 1987ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 500 எஸ்.எல். இருவர் அமரும் திறந்த கார். துணிக் கூரையை மடித்து உள்ளே வைக்கலாம், கெட்டிக் கூரையைத் தனியே எடுத்து மாட்டலாம். 1971 முதல் 1989 வரை பதினெட்டு ஆண்டுகள் உருமாறாமல் வந்த வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் மொத்தம் 2,37,287 வண்டிகள் செய்யப்பட்டன. நாம் கண்ட வண்டி 9,000 கிலோ மீட்டர்தான் ஓடியிருந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் ஓடி நல்ல நிலையில் உள்ள அதே ஆண்டு வண்டியைப்போல் இரண்டரை மடங்கு விலை சொன்னார்கள்.

நம் மாணவர் வண்டியைச் சோதித்த முறையைக் கண்டு வியந்தோம். ஓடோமீட்டர் காட்டும் எண்ணை அவர் முதலில் பார்க்கவே இல்லை. பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். ஓட்டுநர் இருக்கையின் இடது ஓரத்தைப் பார்த்தார். ஏறி இறங்கும்போது முதலில் நைந்துபோவது அந்த இடம்தான். ஸ்டீரிங் வளையத்தின் தோலில் வழவழப்பு ஏறியிருக்கிறதா, ஓட்டுநர் பக்கத்துக் கதவு கீல் தளர்ந்து இறங்கியிருக்கிறதா, இருக்கைப் பட்டையின் விளிம்பு பிசிறாகியிருக்கிறதா, சாவியின் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடிகளின் மூலையில் அச்சிட்ட குறிகள் எல்லாம் ஒத்த காலத்தவையா என்று நோக்கினார். பெயிண்டின் கனத்தை அளக்கும் சிறு கருவியை உடம்பெங்கும் வைத்து எடுத்தார். தகட்டின்மேல் பட்டி பூசியிருந்தால் கருவியின் எண் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். கடைசியில் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, முத்திரைகளின் தேதியையும் அவற்றில் எழுதிய கிலோ மீட்டரையும் வரிசையாக ஒப்பிட்டார். "எண்ணைத் திருப்பி வைப்பது எளிது ஹஜ்ரத். இத்தனை இடங்களையும் திருப்பி வைப்பது கடினம்" என்றார். ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் நம்பாமல், பல சாட்சிகள் ஒத்து வருகின்றனவா என்று பார்க்கும் நீதிபதியின் முறை அல்லவா இது! அந்த வண்டியில் எல்லாச் சாட்சிகளும் ஒத்து வந்தன. 9,000 கிலோ மீட்டர் என்பது மெய்யே என்று அவர் தெளிந்தார்.

எண் மெய்யானால் விலையும் மெய்யாகிவிடுமா? இங்கேதான் நாம் ஓதிய பாடமொன்று நினைவுக்கு வந்தது. ஆட்டையும் ஒட்டகத்தையும் சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்க வைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள் அக்காலத்து வணிகர் சிலர். அத்தகைய பிராணிக்கு 'முஸர்ராத்' என்று பெயர். நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் இச்செயலைத் தடுத்தார்கள். வாங்கியவர் மூன்று நாட்களுக்குள் பிராணியைத் திருப்பித் தரலாம் என்றும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றும் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகள் கூறும். ஹனபி இமாம்கள் திருப்பித் தரும் உரிமை பற்றி வேறு கருத்துக் கொண்டார்கள். அந்த விரிவு இங்கு வேண்டா. பாடத்தின் சாரம் இது: விற்கும் நாளில் மடி நிறைந்திருப்பது, நாள்தோறும் பால் கிடைக்கும் என்பதற்குச் சான்றாகாது.

நாம் கண்ட வண்டியில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆயினும் ஓடாமல் சேர்ந்த தூய்மை, அந்த நிறைந்த மடியைப் போன்றதே. நம் மாணவரிடமே கேட்டோம்: "இத்தனை ஆண்டுகள் நின்ற வண்டியை நாளைக்கு ஓட்டினால் என்ன ஆகும்?" அவர் விரல்விட்டு எண்ணினார். டயரில் அச்சிட்ட நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். அந்த டயர்கள் 2008ஆம் ஆண்டில் செய்தவை. தேயாமல் பளபளத்தாலும், பத்தாண்டு கடந்த டயரை நம்பி வேகமாகப் போகலாகாது. நான்கையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும்; கெட்ட பெட்ரோல் பிசினாகி, எரிபொருளைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் நுட்பமான பாகத்தை இறுகச் செய்யும். அதை மாற்றுவது பெருஞ்செலவு. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, உள்ளிருந்தே துருவை உண்டாக்கும். ரப்பர்க் குழாய்களும் எண்ணெய் கசியாமல் காக்கும் சீல்களும் வளைகுடாவின் வெப்பத்தில் காய்ந்து வெடித்துவிடும். ஓட்டம் வண்டியைத் தேய்க்கிறது. நிற்பதோ வண்டியைக் காய்ச்சுகிறது. ஆகவே, குறைந்த ஓட்டம் என்பது வண்டியின் தோற்றத்துக்குச் சான்றே தவிர, உடல்நலத்துக்குச் சான்றன்று. இந்தச் செலவுகளையும் சொன்ன விலையோடு கூட்டியே பார்க்க வேண்டும்.

"இவற்றையெல்லாம் செய்தபின் அதை நீ ஓட்டுவாயா தம்பி?" என்று அடுத்துக் கேட்டோம். "ஓட்டினால் கிலோ மீட்டர் ஏறிவிடும் ஹஜ்ரத், விலை இறங்கிவிடும்" என்றார். அந்த விடையில் வழக்கின் முடிச்சே அவிழ்ந்தது. இரண்டரை மடங்கு விலையில் ஒரு மடங்கு வண்டிக்கு. மீதி ஒன்றரை மடங்கு ஓடாமைக்கு. ஓட்டுபவன் அந்த ஒன்றரை மடங்கைப் பயணந்தோறும் சாலையில் சிந்திக்கொண்டு போகிறான். ஓட்டாதவனோ வண்டியை வாங்கவில்லை. வேறொருவன் காத்து வைத்த பொறுமையை வாங்கி, தானும் சில ஆண்டுகள் காத்து, மூன்றாமவனிடம் விற்க நினைக்கிறான். அந்த மூன்றாமவன் வருவான் என்ற நம்பிக்கையே அவன் முதலீடு.

அம்மூன்றாமவன் சில காலங்களில் வருவதில்லை. 1980களின் பிற்பகுதியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை வெறிபிடித்ததுபோல் ஏறிற்று. 1988 ஆகஸ்டில் இத்தாலியின் என்ஸோ ஃபெராரி மறைந்தபின், அவர் பெயர் தாங்கிய கார்களுக்கு இன்னும் போட்டி மிகுந்தது. வண்டியின் மேல் காதலற்றவர்களும், ஏறும் விலையின் மேல் காதல்கொண்டு கடன்பட்டு வாங்கினார்கள். 1990க்குப் பின் சந்தை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் பல ஆண்டுகள் முதலைக்கூடக் காணவில்லை. அப்போதும் வண்டியை நேசித்து வாங்கியவனுக்கு ஓட்டும் இன்பமாவது மிஞ்சிற்று. விலையை நேசித்து வாங்கியவனுக்கு மிஞ்சியது கொட்டகை வாடகைதான்.

நம் குடும்பத்தார் கருத வேண்டிய மற்றொரு கணக்கும் உண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் வாகனத்துக்கு ஜகாத் இல்லை. இலாபத்துக்கு விற்கும் எண்ணத்தோடு வாங்கியதோ வியாபாரப் பொருள். நிஸாபு நிறைந்து ஆண்டு சுழலும்போது, அன்றைய சந்தை மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமையாகும். வாங்கிய விலையை வைத்துக் கணக்கிடுவதில்லை. அன்று பெறும் கீமத்தையே வைத்துக் கணக்கிடுவர். ஆகவே ஐந்தாண்டு காத்திருப்பவன் ஐந்து முறை ஜகாத் கொடுப்பான். அதனுடன் காப்பீடு, குளிரூட்டிய கொட்டகை, இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றும் எண்ணெய் வகைகள் எல்லாம் சேரும். இத்தனையும் ஈடுகட்டி விலை ஏறினாலன்றி இலாபம் என்ற சொல்லுக்கே இடமில்லை. விலை ஏறாவிட்டால், வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. இடப்பக்க ஸ்டீரிங் கொண்ட அத்தனை பழைய காருக்கு நம் நாட்டு இறக்குமதி விதி இடந்தராது. வாங்கிய மண்ணிலேயே விற்றுத் தீர வேண்டும். அதுவும் அவர் ஊர் திரும்பும் நாளுக்குள்.

அப்படியானால் ஓடாத வண்டிக்கு உயர்ந்த விலை கொடுப்பது எப்போதும் மடமைதானா? அப்படித் தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. நாம் சில ஆண்டுகள் அரபுத்தமிழ் ஏட்டுப் பிரதிகளோடு பழகியிருக்கிறோம். ஓதி ஓதி ஓரங்களில் குறிப்பெழுதி நைந்த கிதாபு, ஓதுபவனுக்கு அருமையானது. எவரும் புரட்டாத தூய பிரதியோ, எழுதியவன் கைப்பட்ட மை எப்படி இருந்தது, தாளை எப்படி மடித்துத் தைத்தான் என்பதற்குச் சாட்சி. ஒருமுறை புதுப்பித்துக் கட்டிவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துபோகும். காரும் அவ்வாறே. பழையதை எத்தனை முறையும் புதுப்பிக்கலாம். முதலில் இருந்தபடி இருப்பது ஒரே ஒருமுறைதான். எந்தத் திருகாணிக்கு எந்தப் பூச்சு இட்டார்கள், தொழிற்சாலையின் சுண்ணக்கட்டிக் குறி எங்கே இருந்தது என்று அறிய விரும்புவோருக்கு ஓடாத வண்டியே மூலப்பிரதி. 64 வண்டிகளே பிறந்த வகையில், 242 மைல் மட்டும் ஓடிய ஒன்றை அருங்காட்சியகத்தார்போல் பேண வல்லவர் ஒருவர் வாங்கினால், அந்த விலைக்கு ஒரு காரணம் உண்டு என்று ஒப்புக்கொள்வோம். ஷார்ஜாவிலேயே பழைய கார்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அத்தகைய இடத்துக்கு இவ்வண்டி அணியாகலாம். இரண்டு லட்சத்துக்கு மேல் பிறந்த வகையிலோ, உலகெங்கும் செல்வர் கொட்டகைகளில் இதுபோல் ஓடாமல் காத்திருப்பவை பல இருக்கும். ஒவ்வொருவனும் தன்னுடையதே மூலப்பிரதி என்று விலை சொன்னால், அது விற்பவனின் ஆசைக்கு இட்ட விலையே ஆகும்.

ஆகவே நாம் நம் மாணவரிடம் சொன்ன முடிவு இது: "நீ சோதித்ததில் குற்றம் காண முடியவில்லை. வண்டியும் மெய், எண்ணும் மெய். விற்பவரும் குறையை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றரை மடங்கை, இழந்தாலும் உறக்கம் கெடாதவர் கொடுக்கலாம். மகளின் திருமணப் பணத்தைக்கொண்டு நீ கொடுக்கலாகாது." அவர் சற்று நேரம் வண்டியின் கதவில் கை வைத்தபடி நின்றார். இருபத்தாறு ஆண்டுகள் பிறர் வண்டிகளின் கீழ் படுத்து உழைத்தவருக்கு, அப்படியொரு வண்டி தமக்கென்று ஒருநாள் இருக்க வேண்டும் என்ற ஆசையும் அந்தக் கணக்கில் கலந்திருந்தது என்பதை அப்போது உணர்ந்தோம். அந்த ஆசையைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. "அதன்மேல் ஆசை இருந்தால், நன்றாக ஓடிய ஒன்றை, உன் கையாலேயே செப்பனிடத் தக்கதாகப் பார்த்து, உன் கூலியில் மிஞ்சியதில் வாங்கி, வெள்ளிதோறும் ஓட்டு. அதற்குக் கொடுப்பது நஷ்டமாகாது" என்றோம். அவர் அன்று எதையும் வாங்காமல் திரும்பினார். மறு ஆண்டு ஊரில் அவர் மகளின் நிக்காஹ் நடந்தேறிற்று. நாமே ஓதி வைத்தோம்.

பழம் பொருள் எதை வாங்க நேர்ந்தாலும், காராயினும் கடிகாரமாயினும், மூன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறோம். சொல்லும் விலையில் பொருளுக்கு எவ்வளவு, அது புழங்காமல் கிடந்ததற்கு எவ்வளவு? வாங்கியபின் அதைப் புழங்கப் போகிறோமா, காக்கப் போகிறோமா? நாளை வாங்க எவரும் வராவிட்டால், அது நம்மிடமே இருப்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டா? மூன்றாவது கேள்விக்கு மனம் கூசாமல் 'உண்டு' என்று விடை வருமாயின், விலை சற்று மிகுந்திருப்பினும் பாதகமில்லை. விடை வரத் தயங்குமாயின், எவ்வளவு மாசற்ற பொருளாயினும் அதை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு வருவது நலம்.